தமிழ் அவசரமா, தெலுங்கு அவசரமா

வேணாம் நைனா, கண்டக்டர கூப்டாத. பஸ்ஸ நிறுத்த வேணாம். அவரு அவசரம்னு சொல்றது அந்த அவசரம் இல்ல. அதெல்லாம் சித்தூர் பஸ் ஸ்டாண்டுலயே ஆச்சி. நீ உக்காரு. ஜன்னலாண்ட காத்து வாங்கிக்கினு வரட்டும்.

ஆமா, எங்க வூட்டுக்காரருதான். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இஸ்துக்கிச்சி. பேச்சு மொத்தமா போயிடுச்சி, இந்த ஒரு வார்த்த மட்டும் நின்னுக்கிச்சி. தண்ணி வோணும்னாலும் அவசரம், கொசு கடிச்சாலும் அவசரம். உள்ள எல்லாம் இருக்குதும்மா, வெளிய வர வழிதான் இல்லன்றாரு டாக்டரு. உள்ள இருக்கறத நான் எப்டி நைனா எடுக்கறது?

இதுல ஒரு கூத்து கேளு. நீ தமிழ் ஆளு, அவசரம்னதும் அர்ஜன்ட்டுன்னு பதறிட்ட. ஏறும்போது கண்டக்டரு தெலுங்கு ஆளு, ஏம் காவாலி தாத்தா, இன்னா வோணும்னு கேட்டாரு. தெலுங்குல அவசரம்னா வோணும்னு இல்ல? அவசரம் லேதுன்னா வேணாம். இவரு நகரிக்காரரு, ரெண்டையும் கலந்தடிச்சி பேசி வளந்தவரு. இப்ப எந்த பாஷைல சொல்றாருன்னே புரியல. வோணும்ன்றாரா, சீக்கிரம்ன்றாரா? தண்ணிய நீட்டுவேன், இல்லன்னு தலைய ஆட்டுவாரு. எழுப்பி நிக்க வெப்பேன், அதுக்கும் ஆட்டுவாரு. அப்பறம் கண்ணுல தண்ணி வரும். அதப் பாத்து எனக்கும் வரும். 

பொட்டியா? சாக்ஸபோன் அது. சின்ன வயசுல நகரில பேண்டு செட்டுல ஊதனவரு. அப்பறம் மெட்ராஸுக்கு ஓடிட்டாரு. மவுண்ட் ரோடு பக்கம் பெரிய பெரிய ஓட்டலுங்க இருந்துச்சே, அங்க இங்கிலீஷ் பேசற சட்டக்காரங்க, அதான் ஆங்கிலோ இண்டியன் ஆளுங்க, அவங்களோட சேந்து ஜாஸு வாசிச்சாரு. ஜாஸுன்னா இன்னான்னு எனக்கு சொல்லத் தெரியாது. பாட்டு ஒரு ரோட்ல போவும், இவரு வேற ரோட்ல போவாரு. தொலஞ்சான்டா மனுஷன்னு நெனப்பேன், கடைசில ரெண்டும் ஒரே எடத்துல வந்து நிக்கும். மொத வாட்டி கேட்டுட்டு எனக்கு தலவலியே வந்துடுச்சி. அப்பறம் ஓட்டலுங்கள்ல பேண்ட எடுத்துட்டாங்க, சினிமாவுக்கு ஊதனாரு, எதுலயும் பேரு போடல. வயசானதும் சித்தூருக்கு வந்துட்டோம்.

வந்தப்பறம் இவருக்கு ஒரே வேல, போன்ல ரேடியோ. அமெரிக்காக்காரன் ஒருத்தன் நடத்தறான். பேரு வாங்கின ஜாஸ்காரங்கள கூப்ட்டு உக்கார வெச்சி, மொத மொத வாத்தியத்த எப்ப தொட்டீங்க, யாரு கத்துக்குடுத்தாங்க, எங்க வாசிச்சத மறக்க முடியலன்னு கேட்டுக்கினே இருப்பான். அங்க அந்த ஆளு வாயத் தொறக்கறதுக்குள்ள இங்க இவரு பதில் சொல்லிடுவாரு. நான் கீர ஆஞ்சிக்கினு இருப்பேன். மொத மொத ஊதனது ஒரு சாவுக்குங்க, நான் பாட்டுக்கு கண்ண மூடிக்கினு ஊதறேன், தொறந்து பாத்தா பொணம் தெரு திரும்பிப் போயிடுச்சின்னுவாரு. கீரையாண்ட சொல்றாரு! யோவ், உன்ன எவன்யா கேட்டான்னு சிரிப்பேன். அவருக்கும் சிரிப்பு வந்துடும். கேக்கறப்போ தயாரா இருக்கணும்ல தாட்சாயணின்னுவாரு.

கேட்டுட்டாங்க நைனா. திருப்பதில ஒரு எஃப்எம். ராம்ப்ரசாதுன்னு ஒருத்தரு போன் பண்ணாரு. பழைய ஜாஸ்காரங்கள கூப்ட்டு அவங்க கதைய பேச வெக்கறாங்களாம். ரெண்டு மாசம் தள்ளி தேதி குடுத்தாரு, லைவாம், பேசப் பேச ஊருக்கே கேக்குமாம். எங்க போனு கெட்டுக்கெடக்குது, ஸ்பீக்கர்ல போட்டாதான் பேசும், அதனால நானும் கேட்டேன். கோவர்த்தனன் காரு, மீரு மாக்கு சாலா அவசரம்னாரு. எங்களுக்கு நீங்க ரொம்ப வோணும்னு. இவரு போன வெச்சிட்டு, வேணும்னே அத்த தமிழ்ல எடுத்துக்கினு, இத்தினி வருஷம் கழிச்சி இன்னா அவசரமாம் அவனுக்குன்னாரு. அன்னிக்கி பூரா அதே பேச்சுதான். சோறு துன்னும்போது சொல்லி சிரிக்கறாரு. கோட்ட எடுத்து பட்டன் தைக்கக் குடுத்துட்டு சிரிக்கறாரு. அவசரமாம் தாட்சாயணி, அவசரமாம். மறுநாள் காலைல பாத்ரூம்ல வுழுந்தாரு.

ஆமா. அந்த வார்த்ததான். வேற எங்கேர்ந்து வந்திருக்கும்? ஆயுசுக்கும் அவர யாரும் அப்டி கேட்டதில்ல.

எங்க வாசிக்கறது? வலது கையி எழவே இல்ல. ஒதடு கோணிக்கினு வாயில காத்து நிக்க மாட்டுது. பொட்டிய வெச்சிட்டு வாய்யான்னேன், வுடல. மடில வெச்சி எப்டி புடிச்சிக்கினு இருக்காரு பாரு.

நேத்து அந்த ராம்ப்ரசாத் மறுபடி போன் பண்ணாரு. நாளைக்கி சார கூட்டிக்கினு வர்றீங்க இல்லம்மான்னு. சொல்லிடலாம்னுதான் வாயத் தொறந்தேன். இவரு எதிர்ல உக்காந்துக்கினு என் மூஞ்சியவே பாக்கறாரு. ஒஸ்தாம் சார், வர்றோம்னுட்டேன். காலைல எழுந்து பாக்கறேன், கோட்ட மாட்டிக்கினு, ஒத்தக் கையால பட்டன் போட்டுக்கினு இருக்காரு. வுழுந்ததுலேர்ந்து சட்டைக்கு கூட நான் போட்டாதான் உண்டு. ஒரு பட்டன் மாத்திப் போட்டுட்டாரு, தெரியுதா? நான் சரி பண்ணல. கை வரல எனக்கு.

சந்திரகிரி தாண்டியாச்சா? அதுக்குள்ளயா? எறங்கனா நேரா ரேடியோ ஸ்டேஷன்தான் நைனா. முன்னால மைக்க வெச்சி, மொத மொத எப்ப வாத்தியத்த தொட்டீங்கன்னு கேப்பாங்க. பதிலெல்லாம் எனக்கு மனப்பாடம், பொணம் தெரு திரும்பனது வரைக்கும் சொல்லுவேன். ஆனா கேக்கறது அவர இல்ல? நான் வாயத் தொறந்தா அவரு மூஞ்சி எப்டி இருக்கும்? ஊரே கேட்டுக்கினு இருக்கும்போது இவரு அந்த ஒண்ணத்தான் சொல்லுவாரு. இன்னா பண்றதுன்னு தெரியல. பெருமாள் மேல சத்தியமா தெரியல.

ரேடியோக்காரங்களுக்கா? இல்ல. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நான் சொல்லல. இப்ப கூட சொல்லலாம்தான், நம்பரு போன்லயே இருக்குது. நல்ல மனுஷங்க, பதறிப் போயிடுவாங்க. ஐயோ, சாருக்கு எதுக்கும்மா கஷ்டம், அவசரம் லேது, அவசரம் லேதுன்னுடுவாங்க. இந்த போனு ஸ்பீக்கர்லதான் பேசும். அவருக்கு தெலுங்கு நல்லா புரியும் நைனா.