லினுஸுக்கு ஒரு கனவு

பட்டியல் எழுதாமல் நான் கடைக்குப் போவதில்லை. அந்த நல்ல பழக்கம்தான் இன்று என்னை உங்கள் முன்னால் உட்கார வைத்திருக்கிறது.

கனவுகளை வைத்து மனதைப் படிக்கும் நம் ஏரிக்கரை யுங் உளப்பகுப்பாய்வாளர் சங்கத்தில் ஆசிரியர்கள் ஐந்து பேர், மாணவர் ஒரே ஒருவர். லினுஸ் கோப்லர் வந்து சேர்ந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது; ஊரில் பெயரெடுத்த பல் மருத்துவர். இப்போது ஐம்பத்தொன்று. மனதின் நிழலைப் பற்றிய என் பாடத்தை ஒன்பது முறை கேட்டிருக்கிறார். நான் ஒரு வரியை விட்டுவிட்டால் மெதுவாக இருமுவார்.

மாணவரே இல்லாவிட்டால் பயிற்சிப் பிரிவை மூடிவிட வேண்டும் என்பது விதி. லினுஸ் தேறிப் போய்விட்டால் நாம் ஐவரும் யாருக்குப் பாடம் நடத்துவது? என்னை விடுங்கள். உங்களை நினைத்துத்தான் கவலைப்பட்டேன்.

இறுதித் தேர்வன்று, மாணவரைப் பற்றி ஆசிரியர் கண்ட கனவைச் சபையில் சொல்வது நம் வழக்கம். முதல் தேர்வில் நான் சொன்னது இதுதான்: லினுஸ் படகுத்துறையில் நிற்கிறார், ஒரு காலில் மட்டும் ஷூ. நீங்கள் மூன்று மணி நேரம் விவாதித்தீர்கள். கடைசியில் தலைவர் அல்பான் கண்ணாடியைத் துடைத்தபடி, "இன்னொரு ஷூ அவங்க அம்மாகிட்ட இருக்கு. இன்னும் கொஞ்ச வருஷம் படிக்கட்டும்" என்றார். அம்மாவைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அது உங்கள் கைவரிசை.

இரண்டாவது தேர்வுக்கு, அவர் உள்ளங்கையில் ஒரு பல் முளைத்திருந்ததாகச் சொன்னேன். மறுவாரமே கிளினிக்கை மூடினார். மூன்றாவதற்கு, கூரையில்லாத வீடு. அந்தக் குளிர்காலத்தில் மனைவியைப் பிரிந்தார். கூரை என்றுதான் சொன்னேன், மனைவி என்று சொல்லவில்லை. அப்படியும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "டாக்டர், நீங்க மட்டும் கனவு காணலேன்னா, நான் சந்தோஷமா இருக்கேன்னே நெனச்சுட்டு இருந்திருப்பேன்."

வியாழக்கிழமைதோறும் பிளம் கேக்கோடு வருவார். என் கணவர் போன பிறகு என் வீட்டின் அழைப்பு மணியை வேறு யாரும் அழுத்தியதில்லை. இவர் தேறிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

போன வியாழக்கிழமை பட்டியலைச் சமையலறை மேசையிலேயே விட்டுவிட்டேன். வெண்ணெய், வெங்காயம், லினுஸுக்கு ஒரு கனவு. கேக்கோடு வந்த லினுஸ் அதை எடுத்து இரண்டு முறை படித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"டாக்டர், எனக்கு முன்னாடி வெங்காயத்த எழுதியிருக்கீங்க. உங்க ஆழ்மனசு என்னை உரிச்சுப் பாக்கச் சொல்லுது."

"இல்ல லினுஸ். அது சூப்புக்கு."

"சூப்புக்குன்னு நீங்க நெனக்கிறீங்க."

பதின்மூன்று வருடப் பயிற்சி வீண் போகவில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவர் அந்தத் தாளைச் சபைக்குக் கொண்டுவந்து விளக்கவுரையோடு வாசித்தார். அப்போதுதான் அல்பான் என் பக்கம் திரும்பினார். "ரெகுலா, நீ கனவே காண்றதில்லையா?"

இல்லை. என் கணவர் இறந்த நாளிலிருந்து அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறேன். எல்லாக் கனவுகளும் நான் இட்டுக்கட்டியவை. லினுஸ் மூன்று முறை தவறியதும், அவருடைய தொழிலும் குடும்பமும் போனதும் என்னால்தான். ஒப்புக்கொள்கிறேன்.

இன்று அவருக்குச் சான்றிதழ் கொடுக்கப் போகிறீர்கள். தாராளமாகக் கொடுங்கள். கேக்கோடு வெளியேதான் காத்திருக்கிறார். கையெழுத்துப் போடுமுன் ஒன்றே ஒன்று. இன்று மதியம் சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்தேன். சத்தியமாக ஒரு கனவு வந்தது. லினுஸ் இந்த அறைக்கு வெளியே நிற்கிறார்; கதவுக்குக் கைப்பிடியே இல்லை.

அல்பான் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் வைக்கச் சொல்லவில்லை.