பியானோவுக்கு எரிந்த விளக்கு

பாவ்ஜூ: ...பதிமூணு வீடும் கையெழுத்துப் போட்டாச்சு யூலான். உன்னோடதுதான் பாக்கி. போட்டுக் குடு, நான் போறேன்.

யூலான்: அந்த ஸ்டூல் வேணாம் அக்கா, சால்டரிங் கம்பி சூடா இருக்கு. இங்க உக்காருங்க. என்ன எழுதியிருக்கு அதுல?

பாவ்ஜூ: துணி காயப்போடற பால்கனியில பட்டறை வெக்கக் கூடாதாம். இன்னைக்குக் குப்பை வண்டி பின்னாலயே பழைய சாமான் வண்டி வருதில்ல... அதுல இதையெல்லாம் ஏத்திடணுமாம். குடியிருப்புத் தலைவர் குவோ சொல்லிவிட்டாரு.

யூலான்: அவரு வர மாட்டாராமா?

பாவ்ஜூ: உன் வாய்க்குப் பயம்.

யூலான்: போன மாசம் அவரு வீட்டு மின்விசிறி இதே மேஜையில மல்லாக்கக் கிடந்துச்சு. அப்ப இது பட்டறையாத் தெரியலையா?

பாவ்ஜூ: அது வேறடி. படிக்கட்டுல ஒரு விளக்கு மாட்டினியே, அதுதான் வம்பு. குப்பை வண்டி பாட்டைக் கேட்டா எரியும்னு சொன்ன. ரெண்டாம் மாடியில குவோ பேத்தி அதே பாட்டை பியானோவுல பழகினா... அதுக்கும் எரிஞ்சுது. வண்டி வந்துடுச்சுன்னு மொத்தக் கட்டடமும் குப்பைப் பையோட கீழ இறங்கி அரை மணி நேரம் நம்ம தைனான் ஊரு வெயில்ல காஞ்சோம். எதிர் சந்துக்காரி போட்டோ எடுத்தா.

யூலான்: முதல் ஆளா இறங்கினது நீங்கதான்.

பாவ்ஜூ: நான்... சும்மா வேடிக்கை பாக்க.

யூலான்: ரெண்டு பையோடவா?

பாவ்ஜூ: கையெழுத்தைப் போடுடி.

யூலான்: ஏன் அக்கா என் வாயையே பாக்கறீங்க?

பாவ்ஜூ: சோத்துப் பருக்கை ஒட்டியிருக்கு... ஆமா, துணி போட்டு மூடி வெச்சிருக்கியே, அது என்ன பெட்டி? யாருக்கு? உன் மகனுக்குத் தெரியுமா இதெல்லாம்?

யூலான்: அதைத் தொடாதீங்க. வேற என்ன சொன்னாரு குவோ?

பாவ்ஜூ: வண்டி பாட்டுப் போட்டுக்கிட்டு வருது, எல்லாருக்கும் காது இருக்கு, விளக்கு எதுக்குன்னாரு.

யூலான்: நீங்க என்ன சொன்னீங்க?

பாவ்ஜூ: நான் என்னத்தச் சொல்ல... ஆமான்னேன்.

யூலான்: அஞ்சு மணி வண்டின்னு பேருதான். நாலரைக்கும் வரும், அஞ்சரைக்கும் வரும். பாட்டைத் தவிர வேற என்ன துப்பு இருக்கு? அக்கா, நான் இருபத்திரண்டு வருஷம் டிவி ஃபாக்டரி வரிசையில உக்காந்து ஈயம் வெச்சேன். எவன் எவன் வீட்டு டிவிக்கோ. இப்பத்தான் என் இஷ்டத்துக்கு வெக்கிறேன். கையெழுத்துப் போட மாட்டேன். குவோ வந்து மேஜையைத் தூக்கட்டும். மேஜை மேல நான் உக்காந்திருப்பேன். என்னையும் சேத்து வண்டியில ஏத்தட்டும்.

பாவ்ஜூ: ஏத்தினாலும் ஏத்துவாரு. உன்னை எந்தக் குப்பைப் பிரிவுல சேக்கறதுன்னுதான் குழம்புவாரு.

யூலான்: விளக்கைக் கழட்டி ரெண்டு வாரம் ஆச்சு. ஒரு நாள்கூட உங்களை வண்டிகிட்ட காணோமே? காய்ச்சலோடகூட வந்து நிப்பீங்க. ஊர்க்கதை மொத்தமும் அங்கதானே.

பாவ்ஜூ: நான் ஒண்டிக்கட்டை. எனக்கு என்னடி குப்பை?

யூலான்: நேத்து ஐஸ் கேக்க வந்தேன். மூணு தடவை கூப்பிட்டேன், நீங்க திரும்பல. நானே ஃப்ரீசரைத் திறந்தேன். மீன் தலை, பம்பளிமாஸ் தோல், மூங்கில் குருத்துத் தோல்... நாறாம இருக்க ரெண்டு வாரக் குப்பையை அடைச்சதுல ஐஸுக்கு இடமே இல்ல.

பாவ்ஜூ: டிவி ஓடிக்கிட்டிருந்துச்சு, அதான்... என் ஃப்ரீசரைத் திறக்க நீ யாரு? இங்க பாரு, மணி ஆகுது, குவோ காத்துக்கிட்டு... ஏண்டி, அந்தத் துணிக்குள்ள சிவப்பா என்னமோ எரியுதே?

யூலான்: எரியுதா?

பாவ்ஜூ: பாரு, மறுபடியும். குவோ பேத்தி ஆரம்பிச்சுட்டா.

யூலான்: அவ நீச்சல் வகுப்புக்குப் போயிருக்கா. பியானோ வேற, வண்டி வேறன்னு இந்த ரெண்டு வாரமா இந்தப் பெட்டி விளக்குக்குச் சொல்லிக் குடுத்துட்டேன். இனிமே ஏமாறாது.

பாவ்ஜூ: அப்ப... வண்டியா?

யூலான்: சந்து முனையில திரும்பிடுச்சு. ஜன்னல் திறந்துதான் அக்கா இருக்கு. பாட்டு நல்லாக் கேக்குது, எனக்கு.

பாவ்ஜூ: ...யார்கிட்டயும் சொல்லிடாதடி. இந்தத் தெருவுல எது நடந்தாலும் பாவ்ஜூ காதுலதான் முதல்ல விழும்னு பேரு வாங்கி வெச்சிருக்கேன்.

யூலான்: துணியை எடுத்துட்டுப் பெட்டி மேல எழுதியிருக்கறதைப் படிங்க.

பாவ்ஜூ: மூணாம் மாடி... இடது வாசல்... என் வீடுடி இது.

யூலான்: சமையலறை அலமாரி ஓரமா வைங்க. வர்றவங்க கண்ணுல படாது. இப்பச் சொல்லுங்க, பழைய சாமான் வண்டியில எதை ஏத்தணும்?

பாவ்ஜூ: அந்தக் காகிதத்தை இப்படிக் குடு. முதல் கையெழுத்தே என்னோடது... அந்த விளக்கு எனக்குத்தான் வேணும்னு யாருக்கும் தோணிடக் கூடாதேன்னு போட்டது. இதை நானே கொண்டுபோய் அந்தப் பழைய சாமான் வண்டியில போடறேன். பெட்டி இங்கயே இருக்கட்டும், ஃப்ரீசரைக் காலி பண்ணிட்டு வந்து எடுத்துக்கறேன். குவோ கேட்டா, எனக்குக் காது கேக்கறதில்ல, நீங்க சொன்னது எதுவும் விழலன்னு அவரு மூஞ்சிக்கு நேராச் சொல்லிக்கறேன்.