தொத்திக்கிட்டு வந்த சீமோன்

இல்ல சாமி, முதல்ல தப்புப் பண்ணது கயெம்பாதான். அந்த மரச்சீவலைத் தள்ளிட்டு உக்காருங்க, சொல்றேன். மசாக்காவுலேர்ந்து இப்பத்தான் வந்திருக்கீங்க, உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

பெரிய வெள்ளிக்கு இங்க சிலுவைப்பாதை அடிவாரத்துக் கிணத்துலேர்ந்து மேல கோயில் வரைக்கும். சிலுவை பலா மரம். ஏசுவா முன்னால தோள் குடுக்குறது நான். பின்னால வால் பக்கத்தைத் தூக்கிக்கிட்டு வர்றவன் சீமோன். தூக்கணும் சாமி. வேதத்துல அந்த சீமோன் தூக்கினார்ல? நம்ம சீமோன் கயெம்பா தொத்திக்கிட்டு வந்தான். மலை ஏற ஏற அவன் தொங்க, நான் அவனையும் சேத்து இழுக்க. ஒரு வருஷம், ஏசு மூணாந்தரம் விழுற இடத்துல நான் நெசமாவே விழுந்தேன். முட்டி பிசகிருச்சு. பொம்பளைங்க எல்லாம், முகேர்வாவுக்கு என்னா பக்தி பாருன்னு அழுறாங்க. இவன் பின்னால வேர்வையைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறான், மலையையே தூக்குனவன் மாதிரி.

மன்னிப்பா? அவனா? ஈஸ்டர் விருந்துல வாழைக்காய் மசியலை அள்ளித் தின்னுக்கிட்டே, முகேர்வாவுக்கு வயசாயிருச்சுப்பான்னு ஊருக்கே சொன்னான். அதுலேர்ந்து பூசையில சமாதானம் சொல்ற நேரத்துக்கு அவன் கையை நீட்டுனா, நான் குனிஞ்சு செருப்பு வாரைச் சரி பண்ணுவேன். சிரிக்காதீங்க. முன்னால இருந்த சாமியும் பீடத்துலேர்ந்து பாத்துச் சிரிச்சவர்தான்.

அப்புறமும் வருஷா வருஷம் அவன்கூடயே ஏன் தூக்குனேன்னா... வேற யாருக்கு என் நடை தெரியும்? எங்க நிப்பேன், எங்க மூச்சு வாங்குவேன், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. தொங்குறதுலயும் ஒரு தாளம் வச்சிருப்பான். போன ஞாயிறு நீங்கதானே பிரசங்கத்துல சொன்னீங்க, கிறிஸ்துவோட பாடுகள்ல நமக்கும் பங்கு உண்டு, பின்வாங்காம நடங்கன்னு. எனக்கு விழுந்த பங்கு கயெம்பா.

அதனால எனக்குப் பின்னால வேற எந்த இளவட்டத்தையும் போடாதீங்க.

தெரியும் சாமி, மழைக்காலத்துல அவனுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. ஊன்றுகோல் வச்சுத்தான் நடக்கிறான். நேத்து அவன் பொண்டாட்டி வந்துச்சு. என்னை விட்டுட்டு நீ போன்னு சொல்லி அனுப்பியிருக்கான். அவ்வளவு லேசுல விட்ருவேனா?

சிலுவையை ஏன் இப்படி இழைச்சு இழைச்சு மெலிசாக்குறேன்னா, மேல அவன் பாரம் ஒண்ணு ஏறுமே. இதுவா? மரப்பட்டைத் துணி. அந்த விழுந்துபோன கையை வால் பக்கத்தோட சேத்துக் கட்டத்தான். கயிறுன்னா உறுத்தும். கால் இழுத்தா இழுக்கட்டும், நான் மெதுவாத்தான் போவேன். தொங்கிக்கிட்டு வர்றது என்ன அவனுக்குப் புதுசா?

என் முட்டியா? வலிக்கும். வலிக்கட்டும்.

இப்ப அவனுக்குத்தானே நற்கருணை கொண்டுபோறீங்க? வெள்ளிக்கிழமை வெள்ளனவே குளிச்சுட்டு இருக்கச் சொல்லுங்க, நான் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன். அப்படியே, அந்த மன்னிப்பை இன்னும் கேக்கலைன்னும் சொல்லிருங்க. வாய் குழறினாலும் பரவாயில்லை, எனக்குப் புரியும்.