வரிசைப்படி பார்த்தேன்

ஸ்டார்ட் ஆகாத வண்டியின் சாவியைத் திரும்பத் திரும்பத் திருகுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. பாட்டரி தீர்ந்துபோகும், வேறொன்றும் நடக்காது. நீங்களும் உங்கள் ஜீப்பை அப்படித்தான் படுத்துகிறீர்கள், ஐயா. இந்த ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் வேண்டுமானால் பார்த்துத் தருகிறேன்.

அன்றைக்கு அண்ணியும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, பட்டறை லீவு. நான் மாடியில் ஷேவ் செய்துகொண்டிருந்தேன். "தம்பி, அண்ணனுக்கு நெஞ்சு வலிக்குதாம். வண்டி எடுக்கமாட்டேங்குது, சீக்கிரம் வாங்க" என்று கீழேயிருந்து கத்தினாள். முகத்தைக்கூடக் கழுவாமல் ஓடினேன்.

அண்ணன் பின்சீட்டில் சாய்ந்து கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவர் பட்டறை முதலாளி. நான் தம்பி என்பதால் மற்ற மெக்கானிக்குகளைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திட்டு வாங்குகிறவன். தொழிலில் அவர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. வண்டி வந்தால் வரிசைப்படி பார்க்க வேண்டும் என்பது அவர் சட்டம். முதலில் பாட்டரி, அப்புறம் ஃப்யூஸ், ப்ளக், கடைசியாகத்தான் பெட்ரோல் பக்கம். ஒருமுறை நான் சத்தத்தை வைத்தே ஒரு கோளாறைச் சொல்லிவிட்டேன். சொன்னது சரிதான். ஆனாலும் "நீ என்ன ஜோசியக்காரனா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டு, கழற்றியதை மாட்டவைத்து, பாட்டரியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். பட்டறையே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் பாட்டரியிலிருந்து ஆரம்பித்தேன். முனைகளைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மாட்டினேன். அண்ணி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யப் போனாள். "அது வர்றதுக்குள்ள நான் எடுத்துடுவேன் அண்ணி, ஆஸ்பத்திரி நாலு தெருதானே" என்றேன். போனைக் கீழே வைத்துவிட்டாள். என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. எதிர்வீட்டு வாத்தியார் தன் வண்டியை எடுக்கவா என்று கேட்டுக்கொண்டு வந்தார். "இதோ ஆயிடுச்சு சார்" என்றேன். நல்ல மனிதர், கேட்டைத் திறந்துவைத்துவிட்டு நின்றார்.

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. ப்ளக்கைக் கழற்றத் தொடங்கியபோது அண்ணன் பேசினார்.

"டேய், பம்ப் சத்தமே கேக்கல. ரிலேவப் பாரு."

அந்த நிலைமையிலும் காது எப்படி வேலை செய்தது பாருங்கள். சாவியைப் போட்டதும் பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் ஒரு நொடி முனகும். அன்றைக்கு முனகவில்லை. பம்புக்கு கரண்ட் விடுகிற ரிலே இருந்தால்தானே. தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டி. அது என் சட்டைப் பையில் இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம்தான் எடுத்திருந்தேன். அண்ணன் ஒரு வாடிக்கையாளரிடம் என்னைக் காட்டி, "இவனா, ஸ்பானர் எடுத்துக் குடுப்பான்" என்றிருந்தார். அவர் அப்படி ஏதாவது சொல்லும்போதெல்லாம் அவர் வண்டிக்கு உடம்புக்கு வந்துவிடும். மறுநாள் "டேய், வந்து பாருடா" என்று அவரே கூப்பிடுவார். நானும் போய்ச் சரிசெய்வேன். இத்தனை வருஷத்தில் அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த சந்தோஷம். நெஞ்சுவலி வரும் என்று நான் கண்டேனா?

"வரிசையாப் பாக்கலாம்ணே. நீங்க சொல்லிக்குடுத்ததுதானே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் என் சட்டைப் பையைப் பார்த்தார். கையை நீட்டினார், எட்டவில்லை. நான் அடுத்த ப்ளக்குக்குப் போனேன். மனசு லேசாக இருந்தது, பொய் சொல்ல விரும்பவில்லை. கடைசி ப்ளக்கைத் துடைத்து மாட்டும்போது அண்ணி அலறினாள். அதற்கப்புறம்தான் ரிலேவைச் செருகினேன். ஒரே திருகலில் வண்டி எடுத்தது.

நீங்கள் யாரும் என்னைத் தேடி வரவில்லை, ஐயா. நானாகத்தான் வந்தேன். துக்க வீட்டில் எல்லோரிடமும் அண்ணி, "பாவம், தம்பி எவ்வளவோ பாடுபட்டாரு, கடைசியிலதான் ரிலேன்னு தெரிஞ்சுது" என்று சொல்லி அழுதிருக்கிறாள். பட்டறைப் பையன்கள் என் காதுபடவே பேசுகிறார்கள், "ஒரு ரிலேவக் கண்டுபிடிக்கத் தெரியல பாரு" என்று. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். தெரியாமல் முழித்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றைக்கூட நான் விடவில்லை. அண்ணன் இருந்திருந்தால் இந்த ஒரு தடவையாவது என்னைப் பாராட்டியிருப்பார்.