செகோவியாவில் உடையாத தட்டு

ரயிலில் ஜன்னலோர இடத்தை எப்போதும் என் மனைவி கசில்தாவுக்குத்தான் விட்டுக்கொடுப்பேன். யாருக்கும் தொந்தரவு தராத ஆள் நான் என்பதற்காக இதை முதலில் சொல்லிவைக்கிறேன், ஐயா.

வருஷத்துக்கு ஒரு தடவை, எங்கள் கல்யாண நாளன்று, மாட்ரிட்டிலிருந்து செகோவியாவுக்குக் காலை ரயிலில் வருவோம். மாலை ரயிலில் திரும்பிவிடுவோம். நடுவில் தோன் இலாரியோ கடையில் மதியச் சாப்பாடு. உங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. பால்குடி மறக்காத பன்றிக்குட்டியை முழுசாகச் சுட்டு எடுத்துவருவார். கறி எவ்வளவு மென்மை என்று காட்டுவதற்குக் கத்தி இல்லாமல் ஒரு சாப்பாட்டுத் தட்டின் விளிம்பாலேயே வெட்டுவார். வெட்டி முடித்ததும் அந்தத் தட்டைத் தரையில் போட்டு உடைப்பார். எல்லாரும் கைதட்டுவார்கள்.

எனக்கு அதுதான் பொறுக்காது. நல்ல தட்டு, கீறல் இல்லாத தட்டு. இருபத்தொன்பது வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் ஸ்டோர் பார்த்தவன் நான். ஒரு பொருளையும் வீணாகப் போகவிட்டதில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்தச் சத்தம் கேட்டதும் கசில்தா கண் கலங்க, வாய் திறந்தபடி, தோன் இலாரியோவையே பார்ப்பாள். விவரம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காகத்தான் அதைச் சொல்கிறேன்.

இந்த வருஷம் என் பையில் ஒரு தட்டு வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துத் தட்டு. கெட்டிக் கண்ணாடி, வெள்ளை நிறம், கடைத் தட்டின் அதே அளவு. பிள்ளைகள் எத்தனை தடவை கீழே போட்டாலும் உடையாது.

ரயிலில் கசில்தா பையைத் தட்டிப் பார்த்தாள். "என்ன பெனிக்னோ இது, கல்லு மாதிரி இருக்கு?"

"ஸ்வெட்டர்."

"ஜூன் மாசத்துலயா? உனக்கு வயசாயிடுச்சுய்யா."

கடை வாசலிலேயே தோன் இலாரியோ நின்றுகொண்டிருந்தார். எழுபத்தாறு வயது, கழுத்தில் பதக்கம், வெள்ளை ஏப்ரன்.

"வா கசில்தா! பெனிக்னோ, இந்த வருஷமும் மூஞ்சிய வீட்டுலயே வெச்சுட்டு வந்திருக்கலாம்ல?" என்றார். கசில்தா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம்தான் அவர் விஷயத்தைச் சொன்னார். "நாளையிலருந்து எம் பொண்ணு நூரியா கடைய பாத்துக்குவா. இன்னைக்கு நான் போடறதுதான் கடைசித் தட்டு. நாப்பத்தாறு வருஷம், ஒரு தட்டுகூட என்னை ஏமாத்தினதில்ல."

அதைக் கேட்டபிறகும் நான் மனம் மாறவில்லை. மாற வேண்டிய அவசியமும் தெரியவில்லை.

தட்டுகளை அடுப்புக்குப் பக்கத்து மேஜையில் அடுக்கி வைத்திருப்பார்கள். கழிப்பறைக்குப் போகிற வழி அது. என் தட்டை அடுக்கின் மேலே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

கூடம் நிறைந்திருந்தது. ஊரில் முக்கியமானவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். தோன் இலாரியோ குட்டியை வெட்டினார், தட்டைத் தூக்கிக் காட்டினார், போட்டார். தட்டு இரண்டு தடவை குதித்து, உருண்டு, என் காலடியில் வந்து நின்றது.

எல்லாரும் சிரித்தார்கள். நான் குனிந்து எடுத்து, நாப்கினால் துடைத்து, அவர் கையில் கொடுத்தேன். மரியாதை தெரிந்தவன் நான்.

இரண்டாவது தடவையும் உடையவில்லை. மூன்றாவது தடவை, "பன்னி வெந்துச்சு, தட்டு வேகல!" என்று யாரோ கத்தினார். நான்காவது தடவை யாரும் சிரிக்கவில்லை. அவருடைய காது சிவந்துவிட்டது.

"விடுங்கப்பா, வேற தட்டு எடுக்கறேன்," என்றாள் நூரியா.

"தள்ளு. இது எனக்கும் இந்தத் தட்டுக்கும் நடக்கற சண்டை," என்றார் அவர்.

ஒவ்வொரு தடவையும் தட்டை எடுத்துக் கொடுத்தது நான்தான். அவருக்கு உதவியாகத்தான் செய்தேன். ஐந்தாவது தடவை கொடுக்கும்போது சொன்னேன்: "உயரம் போதல தோன் இலாரியோ. நாற்காலி மேல ஏறிப் போட்டுப் பாருங்களேன்."

நாற்காலியை நான்தான் பிடித்துக்கொண்டேன். அதிலிருந்து போட்டும் உடையவில்லை. அப்புறம் மேஜை. மேஜையில் கறிக் கொழுப்பு சிந்தியிருந்ததைப் பார்த்தேன். துடைக்கச் சொல்லலாம் என்று தோன்றியது. ஆனால் அது என் வேலை இல்லை, அங்கே ஆட்கள் இருந்தார்கள்.

"பெனிக்னோ, அவரை இறக்கு! இறக்குன்னு சொல்றேன்ல!" என்று கசில்தா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் கடைசியாக ஒருமுறை தட்டைத் துடைத்து மேலே நீட்டினேன்.

அவர் கையை ஓங்கினார். கால் வழுக்கியது. தட்டோடு சேர்ந்து, பின்மண்டை முதலில் படும்படி விழுந்தார். அப்போதுதான் உடைந்தது. அந்த மாதிரித் தட்டு உடைந்தால் ஒரே நேரத்தில் பொடிப்பொடியாகிவிடும், நல்ல பெரிய சத்தம் வரும்.

கூடமே எழுந்து நின்று கைதட்டியது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். செகோவியாக்காரர்கள் அந்தச் சத்தம் கேட்டால் கைதட்டத்தான் செய்வார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் ரொம்ப நேரம் தட்டினார்கள். டாக்டர் ஒருவர் சாப்பிட வந்திருந்தார், அவரும் கொஞ்ச நேரம் தட்டிவிட்டுத்தான் வந்து நாடி பார்த்தார். தோன் இலாரியோ போய்விட்டிருந்தார்.

கசில்தா மட்டும் கைதட்டவில்லை. கண்ணாடித் தூளின் மேலேயே முட்டி போட்டு, அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ரயிலுக்கு நேரமாகிறது என்று இரண்டு தடவை சொன்னேன். நிமிர்ந்து பார்த்தாள். "உன்கூட நான் வரல," என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

உங்கள் போலீஸ் அறிக்கையில் விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். விபத்து இல்லை, ஐயா. தட்டை வைத்தது நான், நாற்காலி கொடுத்தது நான், மேஜை மேலே ஏற்றிவிட்டதும் நான். விழுவார் என்று எனக்குத் தெரியும். நல்ல தட்டு வீணாகக் கூடாது என்பது ஒன்றுதான் காரணம், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். முப்பத்திரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுகிறவன் நான், இதுவரை ஒன்றுகூட உடைத்ததில்லை. அதற்கு அவள் ஒரு தடவைகூடக் கைதட்டியதில்லை. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.