சுருளியம்மாளின் வலது கை

ஒருவர் சட்டைப் பொத்தான் போடுவதை வேடிக்கை பார்ப்பது எனக்குப் பிடிக்கும். சிரிக்காதீர்கள் மேடம். கம்யூனிட்டி காலேஜில் தொழில்வழிச் சிகிச்சை உதவியாளர் படிப்புக்குச் சேர்ந்த முதல் வாரமே கத்தரீனாள் டீச்சர் ஒரு சட்டையை மேசையில் போட்டு, ஒற்றைக் கையால் மாட்டச் சொன்னார். முப்பது பேர் திணறினோம். முதலில் கடைசிப் பொத்தான் வரை போட்டது நான்தான். பக்கவாதம் வந்தவர்கள் மறுபடி தாங்களே உடுத்தி, உண்டு, வேலைக்குப் போகிற வரை பழக்கிவிடுவது எங்கள் தொழில். ஊசி, மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை. கரண்டியும் குவளையும் பொத்தானும் போதும்.

காலேஜ் விசாரணைக்காக நடந்ததை ஒளிக்காமல் எழுதித் தரச் சொன்னீர்கள். ஒளிக்க என்ன இருக்கிறது? எழுதுகிறேன்.

என் பெயர் சிவசங்கரி. ஏலப்பாறைப் பக்கம் ஒரு டீ எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவள். அம்மா கொழுந்தெடுக்கிறாள். அட்டைக்கடி இல்லாத வேலைக்குப் போக வேண்டும் என்பது பத்து வயதிலிருந்தே என் ஆசை. வகுப்பில் நன்றாகப் படித்தேன். இதை டீச்சரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

கடைசித் தேர்வில் பாதி மதிப்பெண் ஒரே ஒரு நோயாளிக்குத்தான். அவரவர் ஊரிலேயே ஒருவரைப் பிடித்து, முதல் வாரத்தில் கை எப்படி இருக்கிறது என்று ஒரு வீடியோ, நான்கு மாதம் பயிற்சி கொடுத்த பிறகு ஒரு வீடியோ எடுக்க வேண்டும். முன், பின் என்று இரண்டையும் காட்டாவிட்டால் சான்றிதழ் கிடையாது.

ஆடி மாதம் எங்கள் அடுத்த அறை சுருளியம்மாளுக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்தது. வயது ஐம்பத்திரண்டு. புருஷன் இல்லை, பிள்ளைகளும் இல்லை. எஸ்டேட்டில் ஆறு மாதம்தான் பொறுப்பார்கள். அதற்குள் ஆபீசர் முன்னால் கொழுந்து கிள்ளிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள், அறையையும் காலி செய்ய வேண்டும். எங்கள் ஊரில் வேலை இருந்தால்தான் கூரை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதான் தாயி இந்தக் கைய எனக்குத் திருப்பித் தரணும்" என்றார். எனக்கோ லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது. உண்மையைத்தானே எழுதச் சொன்னீர்கள்.

நான் செய்த ஒரே தவறு சோம்பல். முதல் வாரம் மழை, வெளிச்சமில்லை என்று வீடியோவைத் தள்ளிப்போட்டேன். அடுத்த வாரம் மண் சரிந்து பஸ் ஓடவில்லை, காலேஜ் பக்கமே தங்கிவிட்டேன். மாவு பிசையுங்கள், துணி பிழியுங்கள் என்று போகிறபோக்கில் சொல்லிவைத்தேன், அவ்வளவுதான். பிறகு ஓண லீவு வந்தது. தோழி வீட்டில் பத்து நாள் தங்கிப் பாயசம் குடித்துவிட்டு வந்தால், சுருளியம்மாள் வாசலில் உட்கார்ந்து வலது கையால் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறார்.

"பாத்தியா சங்கரி, வெரலு வந்துருச்சு! நீ சொன்ன மாதிரியே தெனமும் மாவு பெசஞ்சேன்."

லயத்துக்குப் பின்னால் இருக்கும் தேயிலை மலைக்கு இழுத்துக்கொண்டு போய், இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளிக் காட்டினார். நான் போனில் வீடியோ எடுத்தேன். கை தட்டினேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார், பாவம். உள்ளுக்குள் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பத்து நாள் பொறுக்க முடியாதா அந்தக் கைக்கு? குணமாகிவிட்ட கையை வைத்துக்கொண்டு நான் யாரிடம் என்னத்தைக் காட்ட?

அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது யோசனை தானாக வந்தது. 'பின்' என் போனில் தயாராக இருக்கிறது. 'முன்' மட்டும்தான் இல்லை. வரிசை மாறிவிட்டது, அவ்வளவே. நீங்களும் நிதானமாக யோசித்துப் பாருங்கள், அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

மறுநாள் ஒரு பலகை செய்து கொண்டுபோனேன். நரம்புக்கு ஓய்வு வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி வாதம் அடிக்கும் என்று சொல்லிக் கையைப் பலகையோடு சேர்த்துக் கட்டினேன். அப்படிக் கட்டுவதற்கு முறை இருக்கிறது. உள்ளங்கையில் ஆரஞ்சுப் பழம் இருப்பது போல விரல் முட்டிகள் மடங்கியிருக்க வேண்டும். நான் செய்தது சப்பாத்திப் பலகை மாதிரி தட்டை. ஆனால் ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பஞ்சு வைத்தேன். தோலில் ஒரு கீறல் விழவில்லை. அவ்வளவு அக்கறை எனக்கு.

ஏழு வாரம் நான் கட்டைப் பிரிக்கவில்லை. ஒருநாள் குளிப்பதற்காக அவரே அவிழ்த்துவிட்டார். வாய் கோணிக்கொள்ளும் என்று பயம் காட்டினேன். அதற்கப்புறம் தொடவே மாட்டார்.

"ராத்திரிக்காச்சும் அவுத்து விடேன் தாயி. வெரலு மரக்கட்டையா கெடக்கு."

"இன்னும் கொஞ்ச நாள்தான் பெரியம்மா. ஒங்க நல்லதுக்குத்தானே சொல்றேன்."

இடது கையால் சாப்பிட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். தினமும் சாயங்காலம் காலேஜிலிருந்து வந்து நானே ரசச் சோறு பிசைந்து ஊட்டினேன். கெட்ட எண்ணம் உள்ளவள் ஊட்டுவாளா, சொல்லுங்கள்.

ஐப்பசியில் பிரித்தேன். பலகையை எடுத்த பிறகும் விரல்கள் அதன் மேலேயே படுத்திருப்பது போல நீட்டிக்கொண்டு நின்றன. அறைக்குள் உட்காரவைத்து, போனில் வீடியோவை ஓடவிட்டுக் குவளையை எடுக்கச் சொன்னேன். கீழே விழுந்தது. இன்னொரு முறையும் விழுந்தது. வெளிச்சம் நன்றாக இருந்தது. தேதியை ஆவணிக்கு முந்தியதாகப் போட்டேன். ஓணத்துக்கு எடுத்த வீடியோவுக்கு மார்கழித் தேதி.

அதற்கப்புறம் சும்மா இருக்கவில்லை. வெந்நீர், மெழுகு, ரப்பர் பந்து எல்லாம் செய்து பார்த்தேன். முட்டிகள் அசையவில்லை. பூட்டிக்கொண்டுவிட்டன. மார்கழித் தேர்வில் இரண்டு வீடியோவையும் காட்டினேன். கத்தரீனாள் டீச்சர் எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிக்கொண்டார். நான்தான் முதல்.

தை மாதம் சுருளியம்மாளை ஆபீசர் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன். கொழுந்தை இரண்டு விரலுக்கு நடுவே இடுக்கப் பார்த்தார், நழுவியது. ஐந்தாறு முறை முயன்றுவிட்டுக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். யார் வைத்தியம் பார்த்தது என்று ஆபீசர் கேட்டார். என் பெயர் கெடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? மார்கழி வரைக்கும் கை நன்றாகத்தான் இருந்தது, இதோ பாருங்கள் என்று வீடியோவைக் காட்டினேன்.

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் முனீஸ்வரன் போனை வாங்கி இரண்டு முறை ஓடவிட்டார்.

"ஏ புள்ள, இது ஒங்க லயத்துக்குப் பின்னால உள்ள மலதானே? அத புரட்டாசியிலயே கவாத்து வெட்டியாச்சே. மார்கழியில இடுப்பு ஒசரச் செடி எங்கருந்து வந்துச்சு?"

சில வருஷத்துக்கு ஒரு தடவை தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதுதான் கவாத்து. எஸ்டேட்டில் பிறந்தவள் கவனிக்காமல் விடலாமா? நான் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் படிப்பு அப்படி.

சுருளியம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முனீஸ்வரனைத்தான் சண்டைக்கு இழுத்தார். "அவள ஏன்யா மெரட்டுற? அந்தப் புள்ளதான எனக்குச் சோறு ஊட்டுச்சு."

முட்டி பூட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். தட்டையாகக் கட்டினால் என்ன ஆகும் என்பது இரண்டாம் செமஸ்டரில் பத்து மார்க் கேள்வி. பத்துக்குப் பத்து வாங்கினேன். வேலை செய்த கையைத் தெரிந்தே முடக்கியது நான்தான். போதுமா மேடம்?

சான்றிதழை மட்டும் ரத்து செய்துவிடாதீர்கள். அந்தக் கையைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? நான்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை சுருளியம்மாள் அறையைக் காலி செய்தார். மூட்டைக்கு முடிச்சுப் போடக் கயிற்றை இழுத்தார். விரல் மடங்கவில்லை, பல்லால் கடித்து இழுத்தார், அப்போதும் முடிச்சு நிற்கவில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொடுத்திருக்கலாம். ஆனால் 'முன்' வீடியோ எடுக்கும்போது உதவக் கூடாது என்பது விதி. ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் எடுத்துவிட்டேன். இந்த முறை தேதியைச் சரியாகப் போட்டிருக்கிறேன், மேடம்.