டீச்சருக்கு என்ன பிடிக்கும்?

சரி... தத்துவம் போதும். பின்வரிசையில ரெண்டு பேர் கொட்டாவி விடறது மேடை வரைக்கும் தெரியுது. ஒரு குட்டிக் கதை சொல்றேன், முழிச்சுக்குங்க.

சீர்காழிப் பக்கம் ஒரு ஊர். அங்க தில்லைநாயகின்னு ஒரு மூணாங்கிளாஸ் டீச்சர். கல்யாணம் பண்ணிக்கல. அண்ணனும் அண்ணியும் தவறிப் போனதும், அவங்க பையன் குமரகுருவை இவங்கதான் வளர்த்தாங்க. அவனுக்கு வீட்டுல அத்தை... பள்ளிக்கூடத்துல டீச்சர். பாவம், எங்க போய்த் தப்பிப்பான்? பள்ளிக்கூடத்துல சேட்டை பண்ணினா வீட்டுல பூசை. வீட்டுல பண்ணினா பள்ளிக்கூடத்துல பூசை!

அவன் வளர்ந்து, வேலைக்குப் போயி, கல்யாணமும் ஆச்சு. அப்புறம் ஒருநாள் அந்த அத்தை காலமாயிட்டாங்க.

பதினாறாம் நாள் காரியம். நம்ம வழக்கம் தெரியுமில்ல? போனவங்களுக்கு எது பிடிக்குமோ அதைச் செஞ்சு இலையில படைக்கணும். உசுரோட இருந்தப்ப "சர்க்கரை இருக்கு, தொடாதே"ன்னு பிடுங்கி வச்சதையெல்லாம் அன்னிக்கு அள்ளி அள்ளி வைப்போம். என்ன சிரிப்பு? உங்க வீட்டுலயும் அதானே நடக்குது!

குமரகுருவுக்கு ஒரே தவிப்பு. "என்னை ஆளாக்கினவங்க. இந்த ஒரு இலையாச்சும் அவங்க மனசு குளிர அமையணும்"னு சமையல்காரரைப் பிடிச்சுக்கிட்டான். "ஐயா, அத்தைக்குக் கேசரின்னா உசுரு. நெய் சொட்டணும்!"

இலை போட்டாச்சு. கேசரி வச்சாச்சு. அப்ப வாசல்ல ஒரு லாரி வந்து நிக்குது. டிரைவர் ராஜாங்கம் இறங்கறார். கிடா மீசை... கையில ஒரு பை நிறைய கமர்கட்டு!

"தம்பி, இதை இலையில வைங்க. டீச்சருக்கு இதுதான் உசுரு."

"யாரு சொன்னா?"

"டீச்சரே சொன்னாங்க! மூணாங்கிளாஸ்ல நான் நீட்டினா ஒண்ணு வாங்கி வாயில போட்டுக்கிட்டு, 'அடடா, எனக்கு ரொம்பப் பிடிக்கும்டா'ம்பாங்க."

அடுத்து ஒரு லேடி சப்-இன்ஸ்பெக்டர். காக்கிச் சட்டைப் பையில கையை விடறாங்க. துப்பாக்கியா வருது? இல்லங்க... இலந்தவடை! "டீச்சருக்கு இதுன்னா கொள்ளைப் பிரியம், வைங்க." போலீஸ் சொன்னா வைக்காம இருக்க முடியுமா? வச்சான்.

அதுக்குள்ள பழையாறுலேருந்து ஒரு மீனவர். தூக்குச்சட்டியில நெத்திலி வறுவல். கூட்டமே பதறுது. "யோவ்! டீச்சர் சுத்த சைவம்யா!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எங்க வீட்டுக்கு வந்தப்ப வாசனை பிரமாதம்னாங்க."

"சாப்பிட்டாங்களா?"

அந்த மனுசன் யோசிக்கிறார்... "இல்ல. பக்கத்துல உக்காந்து என்னைச் சாப்பிட வச்சாங்க."



குமரகுரு சம்சாரம் அபிராமி மெதுவா வந்தா. "ஏங்க... இதுல அத்தைக்கு நெசமாவே பிடிச்சது எது?"

"கேசரிதான். எனக்குத் தெரியாதா?"

"கேசரி உங்களுக்குப் பிடிக்கும். அத்தை ஒரு கரண்டி தன் தட்டுல வச்சுப்பாங்க. நீங்க சாப்பிட்டு முடிச்சதும் அப்படியே உங்க தட்டுக்குத் தள்ளிடுவாங்க. நான் வந்த நாளா பாக்கறேனே."

குமரகுரு திரும்பி, கூட்டத்தைப் பாத்துக் கேக்கறான். "அப்ப... என் அத்தைக்கு என்னதான் பிடிக்கும்? யாருக்காச்சும் தெரியுமா?"

அத்தனை பேரும் அவங்ககிட்டப் படிச்சவங்க. வாய்ப்பாடு கேட்டா இப்பவும் ஒப்பிப்பாங்க. இந்த ஒரு கேள்விக்கு ஒருத்தர் வாயைத் திறக்கணுமே? எல்லாரும் தலையைக் குனிஞ்சுட்டாங்க. மொத்தக் கிளாஸும் ஃபெயில்!

குமரகுரு என்ன பண்ணினான்? நெத்திலியை மட்டும் வெளியில வச்சுட்டு, மத்ததையெல்லாம் இலையில சுத்திலும் ஒதுக்கி வச்சான். நடுவுல ஒரு கை அளவு இடத்தைக் காலியா விட்டான். "எது பிடிக்கும்னு நான் கேக்கவே இல்லையே அத்தை"ன்னு சொல்லி, அந்த இடத்தைத் தொட்டுக்கிட்டே சின்னப் புள்ளையாட்டம் அழுதான்.

அவனைத் திட்டாதீங்க. உங்களைக் கேக்கறேன்... உங்க அம்மாவுக்கு எந்தப் பலகாரம் பிடிக்கும்? உங்க அத்தைக்கு? நீங்க அடிமேல அடி வாங்கின அந்த டீச்சருக்கு? பக்கத்துல இருக்கிறவரைப் பாக்காதீங்க சார், காப்பியடிக்க முடியாது!

நமக்குப் பிடிச்சதையெல்லாம் தனக்கும் பிடிக்கும்னு சொல்லிச் சொல்லியே நம்மளை வளர்த்துட்டாங்க. நாமளும் அதை அப்படியே நம்பிட்டோம். நமக்கு வசதியா இருந்துச்சு, நம்பிட்டோம்.

இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் கேளுங்க. "உனக்கு என்னம்மா பிடிக்கும்?"னு கேளுங்க. "உனக்குப் பிடிச்சதுதாண்டா எனக்கும்"னு சொல்வாங்க. நம்பாதீங்க... உக்காந்து, மறுபடியும் கேளுங்க.